அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன பெண்



உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை எம்மிடம் படித்த பிள்ளை ஒருத்தி பாடசாலைக்கு வந்தாள். கலைப்பிரிவு. மாஷா அல்லாஹ், நல்ல பெறுபேறு. ஓய்வறையில் நாலைந்து ஆசிரியர்கள் இருந்தோம். மானிடவியல் படிக்க விருப்பம் என்றாள். "வாப்பா கேட்டுட்டு வரச் சொன்னார் டீச்சர். மானிடவியல் எண்டா என்ன? அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?"

தெரிந்ததைச் சொன்னோம். அடுத்த நாள் வாப்பாவே வந்தார். நல்ல மனிதர். மூன்று பெண் பிள்ளைகளையும் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தவர். வேலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். "படிக்கட்டும் டீச்சர், நாங்க மறிக்கல்ல. ஆனா இப்படியான பாடத்தப் படிச்சிட்டு வந்து, எங்கட ஊரயும் எங்கட வழக்கத்தயும் கேள்வி கேக்கத் தொடங்கினா என்ன செய்ற?"

பகிடி போலத்தான் சொன்னார். நாமும் சிரித்தோம். ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி ஓய்வறையிலேயே இருந்தது. உண்மையில் அது அவருடைய கேள்வி மாத்திரமல்ல, எம் எல்லோருடையதும்தான். பெண் பிள்ளையைப் படிக்க வைக்க இன்று எம்மில் அநேகமானோர் தயார். படித்தவள் கண்டு வந்து சொல்லப்போவதைக் கேட்கத் தயாரா?

அந்த வாப்பாவுக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதிலை ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். அவர் பெயர் ஐராவதி கார்வே. இந்தியாவின் முதல் பெண் மானிடவியலாளர் என்று சொல்லப்படுபவர்.

1905 டிசம்பர் 15 இல் பர்மாவின் மியிஞ்சான் நகரில் பிறந்தார். மராத்தி பேசும் பிராமணக் குடும்பம். தந்தை அங்கே ஒரு பருத்திக் கம்பனியில் வேலை செய்தார். பர்மாவின் பெரிய ஆறான ஐராவதியின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள். ஏழு வயதில் படிப்புக்காகக் கடல் தாண்டி புனேக்கு அனுப்பினார்கள். ஹுசூர்பாகா பெண்கள் பாடசாலை. அங்கே சிநேகிதியாகக் கிடைத்த சகுந்தலாவின் தந்தை ஆர்.பி. பராஞ்ஜ்பே. 1899 இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலிடத்துக்கு வந்த இந்தியர், பேர்குசன் கல்லூரியின் அதிபர். அந்தக் குடும்பம் ஐராவதியையும் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. புத்தகங்களுக்கு நடுவே அவர் வளர்ந்தார்.

1926 இல் மெய்யியலில் பட்டம். பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.எஸ். குர்யேயின் கீழ் முதுமாணி. 1928 இல் முடித்த அந்த ஆய்வின் தலைப்பைக் கவனியுங்கள்: சித்பாவன் பிராமணர்கள். அதாவது அவருடைய சொந்தச் சமூகம். ஆராய்ச்சியைத் தன் வீட்டு வாசலில் இருந்துதான் தொடங்கினார்.

இதற்கிடையில் திருமணம். கணவர் தினகர் கார்வே, இரசாயனவியல் ஆசிரியர். மாமனார் சாதாரண ஆள் அல்ல, மகரிஷி கார்வே என்று இந்தியா முழுக்க அறியப்பட்ட தோண்டோ கேசவ் கார்வே. விதவையை மணப்பது பெரும் குற்றமாக இருந்த காலத்தில், 1893 இல், விதவை ஒருவரையே மறுமணம் செய்து காட்டியவர். 1896 இல் விதவைகளுக்கு இல்லம் அமைத்தவர். 1916 இல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் ஆரம்பித்தவர். பின்னாளில் பாரத ரத்னா விருது பெற்றவர்.

ஐராவதி கலாநிதிப் பட்டத்துக்காக ஜேர்மனி போக விரும்பினார். யார் எதிர்த்தார் தெரியுமா? இதே மாமனார்தான்.

இதைப் படித்தபோது எமக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நல்ல மனிதர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஊர்ப் பெண் பிள்ளைகளுக்காக மேடையில் பேசும் எம்மில் எத்தனை பேர், எமது வீட்டுப் பிள்ளை தூரத்துப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது அதே குரலில் பேசுகிறோம்? மகரிஷி கார்வேக்கே அது கஷ்டமாக இருந்திருக்கிறது. அந்த வீட்டில் உறுதியாக நின்றவர் கணவர். கடனுக்குப் பணம் கொடுத்தவர் ஜீவ்ராஜ் மேத்தா என்ற காங்கிரஸ் தலைவர். 1928 இல் ஐராவதி கப்பல் ஏறினார்.

போய்ச் சேர்ந்த இடம் பேர்லின். 1927 இல் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனம். மனித மரபும் 'இன மேம்பாடும்' அதன் பாடங்கள். அதன் தலைவரான ஒய்கன் பிஷர்தான் ஐராவதியின் மேற்பார்வையாளர். தென்மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நமீபியாவில், கலப்புத் திருமணங்களில் பிறந்தவர்களை ஆராய்ந்து பெயர் எடுத்தவர். வெள்ளையர் பிறப்பிலேயே உயர்ந்தவர்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

பிஷர் கொடுத்த வேலை இதுதான். ஐரோப்பியரின் மண்டையோடு இரு பக்கமும் ஒரே அளவாக இருக்காது, மூளையின் முன்புறம் வலது பக்கம் பெரிதாக இருப்பதால் அந்தப் பக்கம் சற்றுப் பருத்திருக்கும், அதுதான் கூடிய அறிவின் அடையாளம், மற்ற இனங்களில் அப்படி இராது என்பது அவர் எண்ணம். ஐராவதி அளந்து அதை நிரூபிக்க வேண்டும்.

விடைத்தாள் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. கேள்வியைச் செய்து காட்டுவதுதான் மாணவியின் வேலை.

ஐராவதி 149 மண்டையோடுகளை அளந்தார். ஐரோப்பியருடையவையும் இருந்தன, ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் இருந்து கொண்டுவரப்பட்டவையும் இருந்தன. அவற்றுக்குரியவர்கள் எவரும் சம்மதித்துத் தங்கள் தலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். அந்நிய நாடு, அந்நிய மொழி, கடன்பட்டு வந்த படிப்பு. எதிரே இருப்பவர் அந்தத் துறையில் ஜேர்மனியின் மிகப் பெரிய பெயர். அவருக்குப் பிடித்த விடையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். யாரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை.

அவர் எழுதியது வேறு. மண்டையோட்டின் சமச்சீரின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பு இல்லை. எல்லா இனத்தவரிலும் அது காணப்படுகிறது. பிஷர் எதிர்பார்த்த வேறுபாடு அளவுகளில் இல்லை. அவ்வளவுதான்.

பட்டம் கிடைத்தது. ஆனால் ஆகக்குறைந்த தரத்தில்தான் பிஷர் சித்தியடைய வைத்தார் என்று 2024 இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பேத்தி ஊர்மிளா தேஷ்பாண்டேயும் தியாகோ பின்டோ பார்போசா என்ற ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய நூல் அது.

பிஷருக்கு என்ன நடந்தது? ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் பேர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1937 இல் ஜேர்மன் தாய்மாருக்கும் பிரெஞ்சுப் படையில் இருந்த ஆபிரிக்க வீரர்களுக்கும் பிறந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பலாத்காரமாக மலடாக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு நிபுணர் கருத்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். யுத்த காலத்தில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து டொக்டர் மெங்கலே மனித உடற்பாகங்களை அனுப்பியதும் இதே நிறுவனத்துக்குத்தான். எழுதி வைத்த விடைக்கு ஏற்ப அளக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நாம் கடந்துபோக முடியாது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் றோயல் ஆசியக் கழகத்தின் முன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் சாரம். சட்டசபையில் எமக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு நடந்த காலம் அது. அடுத்த ஆண்டு அந்த நியமனம் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கட்டுரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் 1907 இல்தான் வெளிவந்தது. யார் சொன்னது எவ்வளவு சரி என்ற விவாதத்துக்கு இங்கே நாம் வரவில்லை. எம்மைப் பற்றி இன்னொருவர் எழுதியதற்குப் பதில் நூல் வர ஏறத்தாழ இருபது வருடம் சென்றது. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

ஐராவதியிடம் திரும்புவோம். நாடு திரும்பியவர் மாமனார் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்திலேயே சில வருடங்கள் பதிவாளராக இருந்தார். 1939 இல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். 1970 ஆகஸ்ட் 11 இல் மரணிக்கும் வரை அவரது பெயர் அந்தக் கல்லூரியோடுதான் பிணைந்திருந்தது. தொல்லியலாளர் சங்காலியாவோடு குஜராத்தின் லங்னாஜில் அகழ்வு செய்து, கற்கால மனிதரின் எலும்புக்கூடுகளை வெளியே கொண்டுவந்தார். காந்தேஷ் பகுதியில் பீல் பழங்குடியினரிடையே ஆய்வு செய்தார். கொய்னா அணைக்கட்டுக்காக ஊரை விட்டு எழுப்பப்பட்ட மக்களுக்கு என்ன நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். இடம்பெயர்வு என்றால் என்ன என்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதைக் கணக்கெடுத்து எழுதி வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது எழுதப்படாமல் போனவர்களுக்குத்தான் விளங்கும்.

புனேயில் முதன்முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் அவர்தான் என்பார்கள். தாலி கட்டவில்லை, குங்குமம் வைக்கவில்லை, கணவரைப் பெயர் சொல்லி அழைத்தார். இதை ஏன் சொல்கிறோம் என்றால், எமது பிள்ளைகள் அவரைப் போல வாழ வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. எமது மார்க்கம் வேறு, வாழ்க்கை முறை வேறு. அவரிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது உடையையோ பழக்கத்தையோ அல்ல, அவரது நேர்மையை.

1953 இல் அவரது பெரிய நூல் வந்தது. இந்தியாவின் உறவுமுறை அமைப்பைப் பற்றியது. ஒவ்வொரு மொழியிலும் உறவினரை எப்படி அழைக்கிறார்கள், யாரை யார் மணக்கிறார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தார். நாட்டை வடக்கு, மத்தி, தெற்கு, கிழக்கு என்று நான்கு உறவுமுறை வலயங்களாகப் பார்த்தார். வடக்கில் பெண்ணை உறவில்லாத குடும்பத்துக்கு, வேறு ஊருக்குக் கொடுப்பார்கள். பிறந்த வீட்டில் மகளாக ஓடித் திரிந்தவள் புகுந்த வீட்டில் முகம் மறைத்து நிற்கும் அந்நியப் பெண். தெற்கில் அப்படியல்ல. அங்கே மாமியார் ஏற்கனவே தெரிந்த மாமிதான்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எமது வீட்டுச் சொற்களை எண்ணிப் பாருங்கள். உம்மாவின் சகோதரன் மாமா. வாப்பாவின் சகோதரி மாமி. அவர்களின் பிள்ளைகள் மச்சான், மச்சி. கல்யாணம் முடித்தால் கணவனின் பெற்றோரும் அதே மாமா, மாமி. ஆனால் சாச்சாவின் மகள் தங்கச்சி, பெரியும்மாவின் மகன் நானா. சாச்சாவின் மகளை மணக்க மார்க்கத்தில் தடை இல்லை. அரபு நாடுகளில் அதுவே விரும்பப்படும் சம்பந்தம். ஆனால் எமது ஊர்களில் அது வழக்கமில்லை. ஏன் என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா? மார்க்கம் அரபு மண்ணில் இருந்து வந்தது. உறவுக்குப் பெயர் வைத்தது இந்த மண்ணின் மொழி. தங்கச்சி என்று அழைத்தவளை மனைவியாக நினைக்க மனம் வருவதில்லை. தினமும் வாயில் வரும் சொற்களுக்குள் இவ்வளவு சரித்திரம் கிடக்கிறது. மானிடவியல் என்றால் என்ன என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சாதியைப் பற்றியும் அவர் தன் ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஒரே கூட்டம் காலப்போக்கில் பிரிந்து பிரிந்துதான் உட்சாதிகள் உண்டாயின என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. மகாராஷ்டிராவின் பிராமணப் பிரிவுகளை ஒப்பிட்டு, வெவ்வேறு மூலத்தில் இருந்து வந்த கூட்டங்கள் ஒரே பெயரின் கீழ் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்றார். பிஷருக்குப் பிறகு குர்யே. இரண்டாவது முறையும் தன் ஆசிரியரோடு உடன்படவில்லை.

தன் சமூகத்துக்கும் சலுகை காட்டவில்லை. பண்டர்பூருக்கு நடந்து போகும் யாத்திரையில் தானும் சேர்ந்து நடந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே இறைவன் பெயரைப் பாடிக்கொண்டு ஒன்றாக நடந்தவர்கள், சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிந்ததை மறைக்காமல் எழுதினார். அது தன்னை நோகடித்தது என்பதையும் எழுதினார். மகாபாரதப் பாத்திரங்களைத் தெய்வங்களாக அல்லாமல் மனிதர்களாக வைத்து மராத்தியில் எழுதிய 'யுகாந்தா' நூலுக்கு 1968 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. பேர்லினில் அந்தக் கோட்பாட்டை மறுத்தவர், அங்கே பழகிய அளவுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. ஊர் திரும்பிய பிறகும் சாதிகளையும் பழங்குடிகளையும் உடல் அளவால் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தொடர்ந்தார். அந்த முறையே பிழை என்பதுதான் இன்றைய அறிவியலின் முடிவு. இன்னொன்று எமக்கு நெருக்கமானது. அவர் இந்தியச் சமூகம் என்று எழுதியபோது பெரும்பாலும் இந்து சமூகத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். கோடிக்கணக்கான முஸ்லிம்களுக்கு அவரது பக்கங்களில் கிடைத்த இடம் சொற்பம். எல்லாவற்றையும் அளந்து பார்த்தவரின் கண்ணுக்கும் படாத ஒரு மூலை இருந்தது. அந்த மூலையில் எம்மைப் போன்றவர்கள் இருந்தோம்.

அதற்காக அவரை ஒதுக்கிவிடுவதா? எமது அபிப்பிராயம் வேறு. எம்மை எழுதாமல் விட்டார் என்று அவரைக் குறை சொல்வது இலேசு. எம்மை எழுத நாம் யாரை அனுப்பினோம்?

கிழக்கு மாகாணத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம். மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறான். தாய்வழிக் 'குடி' முறை இன்னும் சில ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகம் வரைக்கும் பேசப்படுகிறது. இதையெல்லாம் உலகம் எப்படி அறிந்தது? நூர் யால்மன் என்ற துருக்கிய மானிடவியலாளர் 1967 இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரை முஸ்லிம்களைப் பற்றியும் எழுதினார். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, பல வருடங்கள் கேட்டு, பார்த்து, 2008 இல் பெரிய நூலாகத் தந்தார். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அடுப்படிக்குள் உம்மாவும் மூத்தம்மாவும் கதைப்பதை, சீதனம் பேசும்போது வாசலுக்கு உள்ளே இருக்கும் பெண்களின் முகத்தை, ஓர் ஆண் விருந்தாளி எவ்வளவு தூரம் பார்த்திருக்க முடியும்? அதைப் பார்க்கக் கூடியவள் எமது பிள்ளை. அவளைத்தான் நாம் "அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.

வேலை பற்றிய கேள்வியை நாம் இலேசாக எடுக்கவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எமக்குப் பணத்தின் அருமை தெரியும். கலைப்பட்டதாரிகள் வேலைக்காகக் காத்திருக்கும் கஷ்டமும் தெரியும். அதை அந்தப் பிள்ளையிடம் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்த வாப்பாவின் உண்மையான கேள்வி வேலை அல்ல. "எங்கட வழக்கத்தக் கேள்வி கேப்பாளோ" என்பதுதான்.

அதற்கு எமது பதில்: கேட்பாள், வாப்பா. கேட்கத்தான் வேண்டும். சீதனத்தைப் பற்றிக் கேட்பாள். எது மார்க்கம், எது வெறும் ஊர் வழக்கம் என்று பிரித்துக் கேட்பாள். சில நேரம் அவள் கேட்டு வரும் விடை எமது பக்கம் சரி என்று சொல்லும். எம்மைப் பற்றி வெளியே பரப்பப்படும் பொய்களுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லக் கூடியவளும் அவளாகவே இருப்பாள். சில நேரம் அந்த விடை எமக்குப் பிடிக்காது. அப்போது நாம் பிஷரைப் போல ஆகக்குறைந்த புள்ளியைப் போட்டு அனுப்பப் போகிறோமா, இல்லாவிட்டால் "இரு மகள், எப்படிக் கண்டுபிடிச்சாய் எண்டு சொல்லு" என்று பக்கத்தில் உட்காரப் போகிறோமா?

ஆசிரியர்களாகிய எமக்கும் இது பொருந்தும். வகுப்பில் நாம் எழுதிக் கொடுத்த குறிப்பை அப்படியே திருப்பி எழுதும் பிள்ளைக்கு முழுப்புள்ளி போடுகிறோம். "இது பிழை டீச்சர்" என்று எழும்பி நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்கிறோம். ஐராவதி எமது வகுப்பில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எம்மையே கேட்டுப் பார்த்தோம். பதில் அவ்வளவு சந்தோசமாக இல்லை.

அந்தப் பிள்ளை விண்ணப்பத்தில் மானிடவியலைப் போட்டாளா என்று இன்னும் தெரியாது. இந்தப் பதிவை அவளுடைய வாப்பாவுக்கும் அனுப்பி வைக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாப்பா இருந்தால் அவருக்கும் காட்டுங்கள். அல்லாஹ் எமது பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக. அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை எமக்கும் தருவானாக.